படம் ஓடும்போது மட்டும் இருட்டு

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. நாம் போய் எதிரே உட்கார்ந்ததும் அது ஒழுங்குப் பிள்ளையாக ஓடும். நாம் ஸ்கூட்டியைத் திருப்புவதற்குள் போன் வரும், "மறுபடி அப்படியே ஆயிடுச்சு" என்று. இதைப் படிக்கிற தொழில்காரர்கள் யாராவது இருந்தால் இப்போதே பெருமூச்சு விட்டிருப்பீர்கள்.

மந்தாரக்குப்பத்தில் எனக்கும் என் வீட்டுக்காரர் பாஸ்கருக்கும் ஒரு சின்ன சர்வீஸ் கடை. பிரிண்டர் அவர் பக்கம், கம்ப்யூட்டர் என் பக்கம். நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு நான்தான் போவேன், ஆம்பளைகள் ஷிஃப்டுக்குப் போன வீட்டில் பொம்பளை மெக்கானிக் என்றால் கதவு சீக்கிரம் திறக்கும். அந்த நாளில் எங்களுக்கு அதிகமாக வந்தது நாங்களே பெயர் வைத்த 'இருட்டுக் கம்ப்ளெய்ன்ட்'. மற்ற நேரமெல்லாம் பளிச்சென்று இருக்கும் ஸ்கிரீன், வீடியோ போட்டால் மட்டும் மங்கிவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. வேற சாதி. காடாம்புலியூரில் பலாத்தோப்பு வைத்திருக்கும் அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஐந்து வருஷமாக அந்தப் பஸ்ஸில் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. சொந்தக் கதை இங்கே எதற்கு என்று கேட்காதீர்கள், இந்த இருட்டோடு அது எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

மகன் சொன்ன சொல்

ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. மகன் ஜெர்மனியில். அவன் பட்டம் வாங்கிய வீடியோவை லேப்டாப்பில் போட்டால் இருட்டாகிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். பளிச்சென்று ஓடியது. வழக்கமான சாபம் என்று எழுந்தேன். அப்போது அவர்கள், "இரும்மா, நான் எப்பவும் பாக்கிற மாதிரி பாத்துக் காட்டறேன்" என்று சொல்லி, முதல் வேலையாகச் சார்ஜர் ஒயரைப் பிடுங்கினார்கள். ஸ்கிரீன் உடனே மங்கியது.

பேட்டரியில் ஓடும்போது சார்ஜ் மிச்சம் பிடிக்க அது தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், ஒயரைப் பிடுங்காமல் பாருங்கள், தீர்ந்தது பிரச்சினை என்றேன். கேட்கவே மாட்டேன் என்றார்கள். மகன் ஊருக்குப் போகும்போது, சார்ஜ் போட்டுக்கொண்டே படம் பார்க்காதே, சூடாகும் என்று சொல்லிவிட்டுப் போனானாம். அதற்கு ஆயிரம் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் பேட்டரியில் ஓடினாலும் வெளிச்சம் குறையாதபடி செட்டிங்கை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். வாசல் வரை வந்து டீச்சரம்மா சொன்னது இது: "அவன் சொன்னதுல நான் இன்னும் செஞ்சிகினு இருக்கிறது இது ஒண்ணுதான்மா, அதையும் மாத்தச் சொல்றியே."

கடையில் பகல், வீட்டில் ராத்திரி

சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒருத்தர் லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் என் மேஜையில் படம் ஜோராக ஓடியது. மூன்றாம் தடவை எனக்கு வாய் நீண்டுவிட்டது. "சார், கண்ணை ஒரு தடவை செக் பண்ணிக்குங்களேன்" என்றேன். மனுஷர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார். மனசு உறுத்த, மறுநாள் நானே அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

தேர்டு ஷிஃப்டில் ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிற வீடு. ஜன்னல் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டியிருந்தார்கள். வெளியே பதினோரு மணி வெயில், உள்ளே கை நீட்டினால் கை தெரியவில்லை. பில் கட்டுவது, மெயில் பார்ப்பதெல்லாம் ஹாலில், படம் பார்ப்பது மட்டும் அந்த ரூமில். அவர் லேப்டாப்பில் சுற்றி இருக்கிற வெளிச்சத்தைப் பார்க்கிற சின்னக் கண் ஒன்று உண்டு. ரூம் இருட்டானால் ஸ்கிரீனையும் அது மங்க வைத்துவிடும். அதை அணைத்தேன், சரியானது. குவார்ட்டர்ஸில் பாதி வீட்டு ஜன்னலில் பேப்பர் ஒட்டியிருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே போகிற எனக்கு இது தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: அவங்க பார்க்கிற இடத்தில், அவங்க பார்க்கிற மாதிரியே உட்கார்ந்து பார்ப்பது. கண் செக்கப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "கண்ணுல ஒண்ணும் இல்ல மேடம், எனக்குப் பகல்னு ஒண்ணு இல்ல, அவ்வளவுதான்."

எனக்கே வந்த கம்ப்ளெய்ன்ட்

எங்கள் கல்யாணத்துக்கு வீடியோ என்று இருப்பது பாஸ்கரின் சிநேகிதர் போனில் எடுத்த நாலு நிமிஷம். ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் கண்ணடித்துக்கொண்டிருந்தது. நான் கையெழுத்துப் போடும்போது பின்னால் வாசலில் ஒரு உருவம். வேட்டி, தோளில் துண்டு. அப்பா நிற்கிற மாதிரியே ஒரு காலைச் சாய்த்து நிற்கும். முகம் மட்டும் கறுப்பு.

ஊருக்கெல்லாம் வெளிச்சம் ஏற்றிக் கொடுக்கிறவள், சொந்தப் படத்துக்கு ஏற்ற மாட்டேனா? கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் அந்த ஒரு இடத்தை நிறுத்தி, பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், எதெது உண்டோ அத்தனையும் ஏற்றுவேன். ஏற்ற ஏற்ற முகம் புள்ளி புள்ளியாக உடையும். வந்திருப்பார், பார்த்துவிட்டு யாருக்கும் தெரியாமல் திரும்பிப் போயிருப்பார் என்று நம்ப எனக்கு அந்தப் புள்ளிகள் போதுமாக இருந்தன. பாஸ்கர் பல நாள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். ஒரு நாள் டீ கிளாஸைப் பக்கத்தில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சுமதி, அது ஆபீஸ் வாச்மேன். எவ்வளவு ஏத்தினாலும் வாச்மேன்தான்."

கேஸ் பில் ஃபோல்டர்

குவார்ட்டர்ஸில் இருக்கும் சரோஜாம்மாவின் கம்ப்ளெய்ன்ட்தான் என்னைச் சுற்ற விட்டது. டேபிள் கம்ப்யூட்டர். மானிட்டரில் இருக்கிற பட்டன் எல்லாம் எப்போதோ உள்ளே போய்விட்டது, யாரும் அதில் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மற்றதெல்லாம் நன்றாகத் தெரிகிறது, வீடியோ மட்டும் கறுப்பாக ஓடுகிறது. அதுவும் ஒரே ஒரு வீடியோ. 'கேஸ் பில்' என்று பெயர் வைத்த ஃபோல்டருக்குள் அதை ஒளித்து வைத்திருந்தார்கள்.

காரணத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மகள் கவிதா தானாகக் கல்யாணம் செய்துகொண்டு புனேவில் இருக்கிறாள். அவளோடு பேசக் கூடாது, அவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் ராமலிங்கம் சாரின் உத்தரவு. பேரனின் முதல் பிறந்தநாள் வீடியோ பக்கத்து வீட்டுக்காரம்மா மூலமாக பென் டிரைவில் வந்திருந்தது. கேஸ் பில் ஃபோல்டரை ஒரு ஆம்பளை திறந்து பார்ப்பார் என்று எந்தப் பொம்பளையும் நினைக்கமாட்டாள். சாமர்த்தியம்தான். என் கதையை நான் சொல்லவில்லை.

முதல் தடவை பார்த்தேன். வீடியோ பிளேயருக்குள் இருக்கிற வெளிச்சம் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஏற்றிவிட்டு வந்தேன். ஸ்பீக்கர் சத்தமும் சைபரில் இருந்தது, அதையும் ஏற்றினேன். மூன்று வாரம் கழித்து மறுபடி போன். அதே இருட்டு, அதே சைபர். வைரஸாக இருக்குமோ என்று அந்த ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் துடைத்துப் புதிதாகப் போட்டேன். இன்னும் மூன்று வாரம் கழித்து மறுபடியும். "எல்லா வாரமும் ஆவறதில்லம்மா. அவருக்குத் தேர்டு ஷிஃப்ட் வர்ற வாரத்துலதான் ஆவுது" என்றார்கள் சரோஜாம்மா. ஷிஃப்ட் பார்த்து வருகிற வைரஸை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அன்று ராமலிங்கம் சார் சந்தைக்குப் போயிருந்தார். பழக்கப்படி, கம்ப்யூட்டர் இருக்கிற ரூமிலேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பகலில் தூங்குகிற ரூம் அது. ஜன்னலில் பேப்பர். கதவுக்கு மேலே மட்டும் அடுப்படிப் பக்கமாக ஒரு வென்டிலேட்டர், அதில் பேப்பர் இல்லை. வீடியோவைத் திறந்தேன். விட்ட இடத்திலிருந்து போடட்டுமா என்று பிளேயர் கேட்டது. ஆறாவது நிமிஷம். போட்டேன். அந்த இருட்டு ரூமில் மங்கலாகத் தெரிந்தது: கேக் வெட்டி முடித்த கவிதா கேமராவைத் திரும்பிப் பார்க்கிறாள். சத்தத்தை ஏற்றினேன். "அப்பாவுக்கு இந்த வாரம் என்ன ஷிஃப்டும்மா?" என்று கேட்கிறாள்.

வெளியே வந்து, "நீங்க பாதியில நிறுத்துவீங்களாம்மா?" என்று கேட்டேன். சரோஜாம்மா இல்லையென்று தலையாட்டினார்கள். "ஒரு தடவகூட நிறுத்தினதில்ல. முழுசாப் பாத்துட்டுத்தான் எழுந்திருப்பேன்."

தேவையில்லாத மவுஸ்

யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சரோஜாம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் சந்தோஷத்தில் போய்க் கேட்பார்கள், அவர் இல்லவே இல்லை என்று சாதிப்பார், அந்த ஆத்திரத்தில் வீடியோவே அழிந்து போகும். அப்பாக்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து ராமலிங்கம் சாரே கடைக்கு வந்தார். மவுஸ் வேண்டுமாம். அவர் வீட்டு மவுஸ் நன்றாக இருந்ததை நான் என் கையால் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எடுத்துக் கொடுத்தேன். போகாமல் நின்றார். "வூட்டுல அந்த கம்ப்யூட்டருக்கு என்னம்மா கோளாறு?" என்றார். "கோளாறு ஒண்ணும் இல்லீங்க சார். அந்த பிளேயர்ல W தட்டினா படம் மங்கும், E தட்டினா ஏறும். யாரோ W தட்டிட்டு விட்டுடறாங்க." தரையைப் பார்த்தார். "ஒரு நாள் அவசரத்துல கை பட்டு மங்கிப் போச்சு. வெளிச்சம் மேல வழியா அடுப்படிக்குத் தெரியாதில்ல, அதுவும் நல்லதுன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. "சத்தத்த வச்சிப் பாருங்க சார். ஆறாவது நிமிஷத்துல உங்களப் பத்தி ஒண்ணு கேக்கறாங்க" என்றேன். அவர் நிமிர்ந்தார். "என்ன கேக்குது?" அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை நாளாக உதட்டசைவை மட்டும் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, என்ன சொல்கிறாள் என்று தேடியிருக்கிறார். "நீங்களே கேளுங்க சார்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. எனக்கும் காடாம்புலியூரில் ஒரு அப்பா இருக்கிறார், அவரும் பேசமாட்டார் என்று சொல்லிவிட்டேன், சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் மவுஸ் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கேட்டார், "அவரு வூட்டுல கம்ப்யூட்டர் இருக்குதா?" இல்லை, டிவியும் டிவிடி பிளேயரும்தான் என்றேன். படியிறங்கும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அப்ப டிவிடில போட்டுக் குடுத்தனுப்பு. பெரிய படமா வேணாம், பத்து நிமிஷம் இருந்தா போதும்."

சரோஜாம்மாவின் கடைசிப் போன்

அடுத்த தேர்டு ஷிஃப்ட் வாரம் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. "இப்பல்லாம் படம் நல்லாத் தெரியுதும்மா" என்று ஆரம்பித்தார்கள். சரியென்று வைக்கப்போனேன். "இரு, வெச்சிடாத" என்றார்கள். பால் வாங்கப் போய்விட்டுத் திரும்பினால் ரூமுக்குள்ளே குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டதாம். வாசலிலேயே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்களாம்.

கவிதாவுக்குப் போன் இன்னும் போகவில்லை, பேச்சும் இல்லை, அவர் பார்ப்பது தனக்குத் தெரியும் என்று இவர்களும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனாலும் அன்று கேட்டதை என்னிடம் சொல்லாமல் அவர்களால் இருக்க முடியவில்லை. அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று போனில் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர்கள் சொன்னது அப்படியே: "கவிதா கேக்குதும்மா, அப்பாவுக்கு இந்த வாரம் என்ன ஷிஃப்டுன்னு. இவரு உள்ள இருந்துகினு, 'தேர்டு'ன்னு பதில் சொல்றாரு."

பத்து நிமிஷம்

அந்த வாரமே ஒரு டிவிடி எழுதினேன். என் பெண் நடக்கப் பழகியது, கடை, பாஸ்கர் பிரிண்டர் மையைச் சட்டையில் பூசிக்கொண்டு நிற்பது, ஓரமாக நான். ஒருவேளை எல்லோரும் வெளியே போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பார்ப்பாரோ என்று எல்லாப் படத்துக்கும் வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கலாகவே வைத்தேன். கடைசியில் கேமராவைப் பார்த்து, "பலா இந்த வருஷம் எப்படிக் காய்ச்சிருக்குப்பா?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்கலாம் என்று நாலு நாள் யோசித்தும் அதுதான் வந்தது.

தம்பி செந்தில் நெய்வேலிக்கு ஒரு வேலையாக வந்தபோது வாங்கிக்கொண்டு போனான். ஒரு மாதம் கழித்து வந்தபோது, தண்ணீர்கூடக் கொடுக்காமல், அப்பா போட்டுப் பார்த்தாரா என்று கேட்டேன். பாவம், அவனுக்குப் பொய் சொல்ல வராது: "டிவி பக்கத்துலதான்க்கா இருக்குது. போட்டாரான்னு தெரியல. தூசி மட்டும் இல்ல."

கம்ப்யூட்டராக இருந்தால் யார் பார்த்தது, எந்த நிமிஷத்தில் நிறுத்தியது என்று நானே போய்த் தெரிந்துகொள்வேன், இந்த டிவிடி பிளேயர்களுக்கு அந்த நல்ல பழக்கம் மட்டும் கிடையாது.