உள்ளங்கை எண்ணெய்

மாடி வீட்டுப் பெண் நேற்றுக் காலையில் ஒரு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். மூன்று மாதக் கைக்குழந்தைக்காரி. "டீச்சர், குழந்தைக்கும் அம்மா அப்பாவுக்கும் தேய்ச்சுக்கிற எண்ணெய வீட்டுலயே காய்ச்சலாம்னு போட்டிருக்காங்க. சரிதானான்னு பாத்துச் சொல்லுங்களேன்" என்றாள். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவள் நான். அச்சில் எதைப் பார்த்தாலும் எழுத்துப் பிழைதான் முதலில் கண்ணில் படும். இரண்டு பிழையைச் சுழித்துக் கொடுத்தேன். அவள் கேட்டது அதை இல்லை என்று பிறகுதான் உறைத்தது.

தேங்காய் எண்ணெய் இவ்வளவு, விளக்கெண்ணெய் இவ்வளவு, ஒரு வெற்றிலை, ஒரு சிட்டிகை ஓமம், சிறு தீயில் காய்ச்சி வடிகட்டவும். சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். சாயங்காலம் மாடியிலிருந்து வாசனை இறங்கி வந்தது. அந்தப் பெண்ணின் கணவன் குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு தேய்க்கிறான், அவள் இப்படித் தேய், அப்படித் தேய் என்று அதட்டுகிறாள். நல்ல பிள்ளைகள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று அவளிடம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

விளக்கெண்ணெய் என்றதும் என் வயதுக்காரர்களுக்குப் பேதிதான் ஞாபகம் வரும். திண்டிவனத்தில் நான் தங்கிப் படித்த ஹாஸ்டலில் அதற்கென்றே ஒரு சனிக்கிழமை உண்டு. வரிசையில் நிறுத்தி, மூக்கைப் பிடித்து, ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றுவார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் ஒளிவேன். தூண் ஒல்லி, நான் அப்போதே பூசின உடம்பு. ஒரு தடவைகூடத் தப்பித்தது கிடையாது. அந்த எண்ணெய் பச்சை நாற்றம் அடிக்கும். எங்கம்மா காய்ச்சிய எண்ணெய் அப்படி இருக்காது.

எங்கள் ஊர் மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. நாங்கள் ஊருக்குக் கிழக்கே ஏரிக்கரையை ஒட்டிய சேரி. அப்பா திண்டிவனத்தில் ஒரு எண்ணெய் மில்லில் மல்லாட்டை மூட்டை தூக்கினார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். அம்மா ஊருக்குள் பெரிய வீட்டில் களத்து வேலை செய்வாள். அந்த வீட்டில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் களத்து வேலையை விட்டுவிட்டு எண்ணெய் காய்ச்சவும் தேய்க்கவும் போய்விடுவாள். சுற்றுவட்டாரத்தில் அவள் கைக்கு ஒரு பேர் இருந்தது. பேர் மட்டும்தான் இருந்தது.

அதில் ஒரு சட்டம் உண்டு. எண்ணெய்க்குத் தீட்டுக் கிடையாதாம், தண்ணீருக்கு உண்டாம். அதனால் எங்கம்மா அவர்கள் எண்ணெயைத் தொடலாம், காய்ச்சலாம், அவர்கள் குழந்தையைத் தன் காலில் போட்டு உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்க்கலாம். சொம்பை மட்டும் தொடக்கூடாது. தண்ணீரைப் பெரிய வீட்டம்மாவே மொண்டு எட்டத்தில் நின்று ஊற்றுவார். கடைசிச் சொம்பில் மஞ்சளைக் கரைத்துக் குழந்தைக்கு ஊற்றி அம்மாவின் கை பட்ட தீட்டைக் கழித்து உள்ளே தூக்கிப் போவார். இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. நல்ல கணக்காகத்தான் எழுதியிருக்கிறான்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு எட்டு வயது. பெரிய வீட்டு மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து ஆண்பிள்ளை பெற்றாள். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் எங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை பிறந்திருந்தது. என் தங்கை. மாதம் நிறையாமல் பிறந்தவள். பூண்டுத் தோல் மாதிரி உடம்பெல்லாம் உரிந்துகொண்டிருக்கும். அழுதால் சத்தம் பக்கத்துக் குடிசைக்குக்கூடக் கேட்காது. பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்ததும் அம்மா அவளை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். போக மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் அப்போது இல்லை.

பெரிய வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அம்மா எண்ணெய் காய்ச்சுவாள். பிள்ளைக்கு ஒரு சட்டி, பெற்றவளுக்கு ஒரு சட்டி. பெற்றவளுக்கு நல்லெண்ணெயில் பூண்டும் ஓமமும் தட்டிப் போட்டு இடுப்புக்கும் காலுக்கும் சுடச்சுடத் தேய்ப்பாள். பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெயோடு கொஞ்சம் விளக்கெண்ணெய். அதில் ஒரு வெற்றிலையைப் போட்டு, இலை மொரமொரவென்று ஆனதும் சட்டியை இறக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். அந்த வாசனைதான் நேற்று மாடியிலிருந்து இறங்கி வந்தது.

தேய்த்தது போக மிச்சம் இருக்கும். அதை வாழையடியில் ஊற்றிவிட வேண்டும். அந்த எண்ணெய் வேறொரு குழந்தையின் மேல் பட்டால் இந்தக் குழந்தையின் வளர்த்தி அங்கே போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. பெரிய வீட்டம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அம்மா தினமும் தன் கையாலேயே ஊற்றுவாள். தேங்காய் எண்ணெய் கண்ணில் காண முடியாத நாட்கள் அவை. எங்கள் வீட்டில் என் தலை செம்பட்டை பாய்ந்து கிடந்தது. பெரிய வீட்டு வாழைகள் செழிப்பாக இருந்தன.

ஆனால் கையில் ஒட்டியிருப்பதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. அம்மா அதைக் கண்டுபிடித்தாள். வேலை முடிந்ததும் கையைத் துடைக்காமல், கழுவாமல், இரண்டு உள்ளங்கையையும் மார்புக்கு முன்னால் ஏந்திக்கொண்டு கால் மணி நேரம் நடந்து வருவாள். முந்தானை சரிந்தால் முழங்கையால் தள்ளிக்கொள்வாள். எதிரே வருகிறவர்கள், "இன்னா, சாமியார் பூச வைக்கிற மாரி கையத் தூக்கிக்கினு போற?" என்று கேலி செய்வார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அதனால்தான் அந்தக் கேலி. அவள் நடையை எட்டிப் போடுவாள். குடிசைக்குப் பத்தடி இருக்கும்போதே, "தட்டியத் தொற, ஜல்தி" என்று குரல் கொடுப்பாள். நான் தட்டியைத் திறந்து, பாப்பாவின் துணியை அவிழ்த்துச் சாக்கில் போட்டுத் தயாராக வைத்திருப்பேன்.

முதலில் மார்பு, பிறகு முதுகு, பிறகு தொடை. குதிகாலுக்கு வரும்போது எண்ணெய் தீர்ந்திருக்கும். வெறுங்கையாலேயே குதிகாலையும் தேய்ப்பாள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். தோல் உரிவது நின்றது. பாப்பா தேய்த்ததும் தூங்க ஆரம்பித்தாள். ஒரு நாள் அப்பா அவள் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேறிடும்டி இது" என்றார். எங்கள் வீட்டில் யாரும் எதையும் நம்பிச் சொன்னதாக எனக்கு நினைவிருக்கும் ஒரே வார்த்தை அதுதான்.

இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் பாப்பா பாலுக்கு அழுதது. தூக்கிக்கொண்டு பெரிய வீட்டுக் கொட்டகைக்குப் போனேன். அம்மா உள்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். பெரிய வீட்டு மகள் பின்வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். இருபது வயது கூட இருக்காது. என்னிடம் நன்றாகப் பேசுவாள். "உங்க பாப்பா எப்படிக் கீறா?" என்று கேட்டாள். என்னை மதித்து ஒருவர் கேட்டுவிட்டார் அல்லவா, எனக்குத் தலைகால் புரியவில்லை. "நல்லாக்கீறாங்க. உங்க பாப்பா மேல அடிக்கிற வாசனதாங்க எங்க பாப்பா மேலயும்" என்றேன். அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது என்று எனக்கு அப்படி ஒரு பெருமை. அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அதற்குள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பி, "அம்மா, இந்தக் குட்டி சொல்றதக் கேட்டியா?" என்றாள். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. எனக்கு இன்றுவரை பொறுக்காதது அதுதான். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அவளைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

பெரிய வீட்டம்மா கோபப்படவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும், "கையக் கழுவிக்கினு போ" என்று சொல்லிச் சீயக்காய்த் தூளைத் தன் கையாலேயே எட்ட இருந்து போட்டார். சொம்பால் தண்ணீரும் ஊற்றினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிறகு கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். எங்கம்மா, "சரிங்கம்மா" என்றாள். அன்றைக்கு அவள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எல்லாப் பெண்களும் நடக்கிற மாதிரி நடந்து வந்தாள். தட்டியை அவளே திறந்தாள்.

நான் பாப்பாவை அவிழ்த்து வைத்திருந்தேன். அம்மா உட்கார்ந்து வெறுங்கையால் மார்பு, முதுகு, தொடை என்று முறை தவறாமல் தேய்த்தாள். காய்ந்த கை உரசிப் பாப்பா வீறிட்டது. அதோடு நிறுத்திவிட்டாள். என்னை அடிப்பாள் என்று மூலையில் நின்றேன். அடிக்கவில்லை. "நீ இன்னா பொய்யா சொன்ன?" என்றாள். அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

அப்பா ஒரு வழி செய்து பார்த்தார். மில்லில் தரையில் வழிந்த மல்லாட்டை எண்ணெயைத் தலைத்துண்டில் ஒற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசல்காரன் துண்டைப் பிழியச் சொன்னான். எல்லோருக்கும் முன்னால் பிழிந்துவிட்டு வந்தார். நாள் முழுவதும் எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கும் மனுஷன் வீட்டில் விளக்குக்கு எண்ணெய் கிடையாது, பிள்ளைக்கும் கிடையாது.

ஆமணக்கு வரப்பெல்லாம் நிற்குமே என்று நீங்கள் கேட்கலாம். நின்றது. வரப்பு பெரிய வீட்டுடையது. செடியில் இருந்தால் அவர்கள் முத்து, வெடித்துக் கீழே சிதறினால் கேட்பாரில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வரப்பு வரப்பாகக் குனிந்து சிதறின முத்தைப் பொறுக்கினேன். ஒரு கொட்டாங்கச்சி நிறைந்தால்தான் இடித்துக் காய்ச்ச முடியும் என்று அம்மா சொல்லியிருந்தாள். தினமும் மாலையில் குலுக்கிப் பார்ப்பேன். இடுப்பில் இருந்தவள் நாளுக்கு நாள் கனம் குறைந்துகொண்டே வந்தது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கொட்டாங்கச்சி முக்கால் வந்தபோது அவளுக்குச் சளி கட்டியது. மூன்றாம் நாள் விடிந்தபோது அவள் இல்லை.

எண்ணெய் தேய்க்காததால் செத்தாள் என்று நான் சொல்லவில்லை. நானும் படித்தவள்தான். அம்மாவுக்குப் பால் வற்றியிருந்தது, மழைக்காற்று, ஒழுகும் குடிசை. காரணம் எத்தனையோ சொல்லலாம். பகலெல்லாம் அவற்றை எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இத்தனை வருஷத்தை ஓட்டினேன்.

குழி வெட்ட அப்பா கிளம்பினார். அம்மா என்னைப் பார்த்து, "அந்த முத்த எடு" என்றாள். வறுத்தாள், இடித்தாள், தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தாள், மேலே மிதந்ததை வழித்து மறுபடி சுண்டக் காய்ச்சினாள். ஒரு கரண்டி தேறியது. அப்பா திரும்பி வந்து பார்த்துவிட்டு, "இப்ப எதுக்கு இது?" என்றார். "ஒரு நாளாவது நெறைய தேச்சு உடறேன்" என்றாள் அம்மா. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். பழக்கம், வேறென்ன. குதிகால் வரைக்கும் எண்ணெய் வந்தது. விரல் இடுக்குக்குக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் பெரிய வீட்டுக்குப் போனாள். அங்கே குழந்தை காத்துக்கொண்டிருந்தது. தொண்ணூறு நாள் முடிகிற வரைக்கும் போனாள், தேய்த்தாள், வாழையடியில் ஊற்றினாள், மூன்று தடவை கை கழுவினாள். அவசரமாகப் போய்ச் சேர வீட்டில் யாரும் இல்லை என்றாலும் கழுவத்தான் சொன்னார்கள். அந்தப் பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தான். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றான். சில வருஷங்களுக்கு முன் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தில் என்னை அடையாளம் கண்டு, "உங்கம்மா கை வளத்த ஒடம்புங்க இது" என்று கண் கலங்கினான். நல்ல மனுஷன். நானும் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெரிய வீடு இப்போது இல்லை. பிரித்து விற்றுவிட்டார்கள். ஏரிக்கரை இருந்த இடத்தில் அகலமான ரோடு போகிறது, பாப்பாவைப் புதைத்த இடம் அதற்கு அடியிலா பக்கத்திலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உபதேசியார் எங்கள் பக்கம் வருவதற்குள் போய்விட்டாள், அதனால் ஞானஸ்நானம் இல்லை, கோயில் பதிவேட்டில் பேர் இல்லை. பேரே வைக்கவில்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அவளைப் பார்த்தவள் என்று நான் ஒருத்திதான் பாக்கி. வேலையில் சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். உடன்பிறந்தோர் என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு அழகான கையெழுத்து. பிழையில்லாமல், 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.