துரைப்பட்டியில் தகரச் சத்தம்

கீரனூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இன்று ஆட்டுத்தலை வாட்டிக்கொண்டிருந்தார்கள். மயிர் பொசுங்கும் அந்த நாற்றம் என்னை அரிமளம் காட்டுக்குள் இழுத்துப்போனது. இப்போது தைலமரம் நிற்கும் இடத்தில்தான் துரைப்பட்டி இருந்தது; காட்டிலேயே பிறந்து திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்க வெள்ளைக்காரத் துரை ஒருவர் கட்டிய கல்வேலி. துரை போன பிறகும் பட்டியைக் குத்தகைக்கு எடுத்த குத்தகைக்காரர் கோடையில் தகரம் தட்டி மாடுகளை விரட்டி வந்து அடைப்பார், பட்டி மாடு என்ற அடையாளத்துக்குத் தொடையில் சூடு போடுவார், பொசுங்கிய நாற்றம் சாயங்காலம் வரை புழுதியோடு சுற்றும். ஊர்மாடு கலந்து வந்திருந்தால், சொந்தக்காரர் பட்டி வாசலில் நின்று கூப்பிட வேண்டும்; வந்தால் அவருடையது, வராவிட்டால் பட்டிக்கு. அது துரை காலத்து வழக்கம்.

மேயப்போய்த் திரும்பாத எங்கள் செவலைப் பசு ஒரு வருஷம் பட்டிக்குள் நின்றது.

"அது எங்க மாடுங்க," என்றார் அப்பா.

"காட்டுக்குள்ள பாதி மாடு செவலதாம்ப்பா. கூப்புடு, வந்தா ஓட்டிட்டுப் போ," என்று குத்தகைக்காரர் சிரித்தார்.

"ஏ செவல, இங்கிட்டு வாத்தா!"

செவலை காதைத் திருப்பியது. அந்த நேரம் பார்த்துக் குத்தகைக்காரரின் மச்சான் தகரத்தை ஓங்கித் தட்டினான். மாடுகள் மிரண்டு மூலைக்கு ஓடின, செவலையும்தான்.

"வரலையேப்பா," என்று குத்தகைக்காரர் சூட்டுக்கோலை எடுத்தார்.

மாடெல்லாம் அடைந்த பிறகு தகரத்துக்கு அங்கே என்ன வேலை? அப்பா கேட்கவில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் நான் வாய் திறக்கும்போது பக்கத்தில் சத்தம் எழுந்தால், சத்தம் போட்டவர் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.