ஆட்டுக் கொட்டகைக்கு முன் வந்த சாமி

பத்து ஆராங் என்ற ஊரில் என் மைத்துனன் குத்தகைக்கு எடுத்த நிலம், ஒருகாலத்தில் நிலக்கரிக் கழிவைக் கொட்டிய மேடு. சுரங்கத்தை மூடியபின் அங்கே லாலாங் புல்தான் வளர்ந்தது. அதில் ஆட்டுக் கொட்டகை போடுவதற்காகவே அவன் கிள்ளானில் லோரி ஓட்டும் வேலையை விட்டிருந்தான்.

பூமி பூசைக்கு பிரிக்பீல்ட்ஸிலிருந்து நானும் டைரியோடு போனேன். எதற்கும் தேதி குறித்து வைப்பது என் பழக்கம். யாக குண்டத்துக்குச் செங்கல் வாங்க மைத்துனன் மறந்திருந்தான்.

"மண்ணுலயே தோண்டிக்கலாம் லா. சாமி கோவிச்சுக்காது."

தோண்டிய குழி கறுகறுவென்று இருந்தது. அந்தச் சுரங்கத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். ஐயர் நெய் ஊற்ற ஊற்ற, அதன் வரலாற்றை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிலக்கரி எரியும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

பூசை முடிந்தது, புகை முடியவில்லை. நான்காம் நாள் யாரோ குழியருகே சூலம் நட்டார்கள். ஆறாம் நாள் அதற்கு எலுமிச்சை மாலை. ஒன்பதாம் நாள் நான் போனபோது காஜாங்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து, கண்மூடி நின்றார்கள்.

"மண்ணப் போட்டு மூடிரவா மச்சான்?" என்றான் மைத்துனன்.

"மூடுனா உன்னையும் சேத்து மூடுவாங்க."

சற்று யோசித்தவன், கூட்டத்தின் முன்னால் போய் நின்றான். "சாமி ரொம்ப உக்கிரமா இருக்கு. வெள்ளிக்கிழமை எல்லாரும் வாங்க. குடம் குடமா அபிஷேகம் பண்ணிக் குளிர வைப்போம்."

வெள்ளியன்று சுரங்கக் குட்டையிலிருந்து வரிசையாகக் குடங்கள் வந்தன. மதியத்துக்குள் குழி நிரம்பி வழிந்தது. பொட்டுப் புகை இல்லை.

"சாமி குளிர்ந்துடுச்சு," என்று பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மைத்துனனும் துடைத்துக்கொண்டான்.

கிளம்பும் நேரத்தில், காஜாங் வேனில் வந்து பஜனை பாடிய ஓர் அம்மாள் என்னிடம் வந்தார். "அங்கிள், நீங்கதான் எல்லாத்துக்கும் தேதி எழுதி வைக்கிறீங்களாமே? சாமி வந்த தேதியச் சொல்லுங்க. வருசா வருசம் இங்கயே திருவிழா வச்சிரலாம். கோயிலும் கட்டிரலாம்."

அவருக்குப் பின்னால் மைத்துனன் என்னைப் பார்த்துக் கைகூப்பி நின்றான். புகையைக்கூட யாரும் அப்படிக் கும்பிட்டதில்லை.

"குறிக்க மறந்துட்டேன்மா," என்றேன்.

தேதி தெரியாத சாமிக்கு எப்படித் திருவிழா வைப்பது என்று முனகியபடி, அவரே சூலத்தைப் பிடுங்கி வேனில் ஏற்றினார்.

இப்போது அங்கே ஆடுகள் நிற்கின்றன. பூசைத் தேதிக்குக் கீழே, அந்தப் பொய்யைச் சொன்ன தேதியையும் டைரியில் எழுதியிருக்கிறேன், மணியோடு.