ஒன்பதாம் நிறுத்தம்

2009 அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய பொடித்தூறல் பத்து மணிக்கும் விடவில்லை. குடை விரித்தால் பார்ப்பவர் சிரிப்பர். விரிக்காவிட்டால் அரைமணி நேரத்தில் தோள் நனைந்துவிடும். அத்தகைய மழை.

பெல்டர்ஹாம் என்னும் ஆங்கிலச் சிறுநகரின் சந்தைச் சிலுவைக்கு, அதாவது உச்சியில் சிலுவை வைத்த பழைய கல்மண்டபத்துக்கு, அடியில் மூவர் ஒதுங்கி நின்றனர். நகர மரபுக் கழகத்தின் தலைவியான ஐவி பென்ஃபோல்ட், கசாப்புக் கடைக்காரரின் விதவை. மனத்தில் இருப்பதை வாயில் மறைத்துப் பழக்கமில்லாதவர். டெஸ்மண்ட் கார்ஸ்டன், ஓய்வுபெற்ற நில அளவையாளர். மூன்றாண்டுகளுக்கு முன் இந்நகரில் குடியேறிக் கழகத்தின் செயலாளராகியிருந்தார். மூன்றாமவர் மேவிஸ் ஆட்கின். எழுபத்தொரு வயது, மணமாகாதவர், நகர நூலகத்தில் முப்பத்தெட்டாண்டு பணியாற்றியவர்.

மூவர் கையிலும் ஒரே மடிப்புத் தாள் இருந்தது. வழிகாட்டி ஒருவருமின்றி, தாளை மட்டும் வைத்துக்கொண்டு நகரத்தைச் சுற்றி வருவதற்கான மரபு நடை அது. பதினான்கு நிறுத்தங்கள், ஒன்றரை மணி நேரம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அதை எழுதியவர் மேவிஸ். இப்போது புதுப்பதிப்பு வரவிருந்தது. நூறாண்டுப் பழமையும் அதற்கான சான்றும் இல்லாத நிறுத்தம் எதுவும் இனித் தாளில் இடம்பெறலாகாது என்று சென்ற கூட்டத்தில் தீர்மானித்திருந்தார்கள். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் டெஸ்மண்ட். மேவிஸும் கை தூக்கினார். தூக்காதிருக்கக் காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

பதின்மூன்று நிறுத்தங்களை அடித்துவிட்டாலும் அவர் வருந்தியிருக்கமாட்டார். ஒன்பதாவது மட்டும் இருக்கவேண்டும்.

ஒன்பதாவது நிறுத்தம் கூப்பர் சந்து ஆட்டுத் தெருவில் வந்து சேரும் முனை. மேவிஸ் பிறந்தது அதே ஆட்டுத் தெருவில், தந்தையின் விதைக்கடைக்கு மேலிருந்த இரண்டு அறைகளில். அவருக்கு ஐந்தாண்டு இளையவள் தங்கை வின்னி. 1949ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு செவ்வாய்ச் சந்தையன்று, தாய் வெண்ணெய் வாங்கிவர இருவரையும் அனுப்பினார். "அவ கைய விடாத," என்று மட்டும் சொன்னார்.

சந்து முனையில் பீங்கான் வியாபாரி கடை விரித்திருந்தான். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய தட்டு, கிண்ணம், குழம்புப் பாத்திரம் அனைத்தையும் ஒரு கூடையில் விசிறியாக அடுக்கி, அப்படியே வானத்தில் வீசி, இறங்கும்போது கலகலவென்ற ஓசையுடன் கூடையிலேயே பிடிப்பான், ஒன்றுகூட உடையாது.

"வாங்கம்மா, வாங்க! ஒண்ணு ஒடஞ்சாலும் என் மாமியாரக் கூட்டிட்டுப் போயிடுங்க! ஒடையலேன்னாலும் கூட்டிட்டுப் போயிடுங்க!"

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. கூடை மூன்றாம் முறை வானேறி இறங்கியபோது மேவிஸும் கைதட்டினாள். கைதட்ட இரண்டு கைகள் வேண்டும்.

பெரியவர்களின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாத வின்னி, எதிர்ப்புறம் கட்டியிருந்த கன்றை நோக்கி நடந்தாள். மாடுகளை இறக்கிவிட்ட லாரி ஒன்று சந்திலிருந்து பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

அடக்கம் முடிந்தபின் அண்டை வீட்டார் கேக்கும் இறைச்சி அடைத்த ரொட்டியும் கொண்டுவந்து வைத்து, மழையைப் பற்றியும் உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். நடந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, திறவாதிருப்பதே மரியாதை. தாய் வின்னியின் காலணிகளைப் பரணில் ஏற்றினார். நிழற்படத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். மூத்த மகளை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் மறுமொழி சொல்ல ஒரு வாய்ப்பாவது கிடைத்திருக்கும். வின்னி என்னும் பெயர் அவ்வீட்டில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒலிக்கவேயில்லை.

மேவிஸ் நூலகத்தில் சேர்ந்தார். நகர மன்றத்து எழுத்தர் ஒருவர் ஈராண்டுகள் அவரோடு தேவாலயத்துக்கு நடந்து, பின்னர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். "குழந்தைகளை நினைச்சா ஒனக்குப் பயமா?" என்று அதற்கு முன் அவர் ஒருநாள் கேட்டபோது மேவிஸ் பேச்சை மழைக்கு மாற்றினார். தந்தை மறைந்தார், கடை கைமாறியது. தாயை இறுதிவரை வைத்துப் பார்த்தவர் மேவிஸ்தான்.

தாய் 1984 மார்ச்சில் இறந்தார். அவ்வாண்டு கோடையில் மேவிஸ் நடைத்தாளை எழுதத் தொடங்கினார்.

எண்ணம் போர் நினைவுத் தூணில் பிறந்தது. ஆண்டுதோறும் நவம்பரில் நகரமே அங்கே கூடி, தான் பார்த்தறியாத இளைஞர்களுக்காக இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும். பெயர் தெரியாதவர்களுக்காகவும் மனிதர் நிற்பர். நிற்கும் இடத்தை மட்டும் யாராவது சொன்னால் போதும். ஆனால் கூப்பர் சந்து முனையில் பார்க்கத்தக்க பொருள் எதுவுமில்லை. முனைக் கட்டடத்தின் இறவாரத்துக்குக் கீழே சுவரில் ஒரு சிற்ப முகம் மட்டும் பதிந்திருந்தது. மேவிஸ் பல நாள் யோசித்து இப்படி எழுதினார்: "இங்கே நின்று, இறவாரத்தின் கீழுள்ள முகத்தை நிமிர்ந்து பாருங்கள். இது யாருடைய முகம் என்று தெரியவில்லை." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

நூலகத்தின் மாடிச் சன்னலிலிருந்து அந்த முனை தெரியும். கோடைக்காலத்தில் யாராவது தாளும் கையுமாக வருவார்கள், நிற்பார்கள், நிமிர்வார்கள். ஒரு நிமிடம் பேச்சிராது. பிறகு பத்தாவது நிறுத்தத்தைத் தேடிப் போவார்கள். அந்த ஒரு நிமிடம் வின்னிக்கு உரியது என்பதை அவர்கள் அறியார். பணி ஓய்வு பெற்ற பின்னரும், செய்தித்தாள் படிக்கும் சாக்கில் மேவிஸ் அதே சன்னலருகில் போய் உட்காருவார்.

"அப்ப ஒண்ணாவது நிறுத்தம்," என்று டெஸ்மண்ட் பென்சிலை எடுத்தார். "சிலுவை. ஆயிரத்து நானூத்துப் பன்னெண்டு. சான்று இருக்கு."

"சிலுவைக்கே சான்றா?" என்றார் ஐவி. "என் கல்யாணத்துக்குச் சான்று கேட்டா என்கிட்ட இல்ல சார். மனுஷன் போய்ச் சேர்ந்துட்டாரு, மோதிரம் வெரலு பெருத்துக் கழட்டவே முடியல."

தேவாலயம், குதிரைத் தொட்டி, ஏழையர் இல்லம் என்று ஒவ்வொன்றாக நடந்தார்கள். ஒவ்வொரு தேதியையும் டெஸ்மண்ட் தம் குறிப்பேட்டோடு ஒப்பிட்டார். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. எட்டாவதில் அவருக்கு வியப்பே உண்டாயிற்று.

"மிஸ் ஆட்கின், நான் எத்தனையோ ஊர்த் தாளு பாத்திருக்கேன். ஒரு தேதிகூடத் தப்பில்லாத தாளு இதுதான்."

"நன்றி," என்றார் மேவிஸ். அவர் நடையைத் தளர்த்தினார்.

"மழை வலுக்குது," என்றார் ஐவி திடீரென்று. "மிச்சத்த அடுத்த வாரம் பாத்துக்கலாம். டீ குடிச்சு ஒரு யுகமாச்சு."

"இன்னும் ஆறுதான் அம்மா இருக்கு."

"ஆறு எங்க ஓடிப்போயிடப் போகுது? நானூறு வருஷமா நின்ன கட்டடம், நாம டீ குடிக்கறவரைக்கும் நிக்காதா?"

டெஸ்மண்ட் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்துவிட்டார். ஐவி மேவிஸின் முழங்கையைப் பற்றினார். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வின்னியின் பெட்டிக்குப் பின்னால் வெள்ளைச் சாமந்திக் கொத்தைச் சுமந்து நடந்த சிறுமிகளுள் ஐவியும் ஒருத்தி. அறுபதாண்டு நட்பில் ஐவி அதைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை. அதுவே அவர் செய்த மரியாதை.

கூப்பர் சந்து முனையில் வெளியூர்த் தம்பதியர் இருவர் தாளைக் குடையாகப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றிருந்தனர். பேசவில்லை. பின்னர் அப்பெண் கணவரின் கையைக் கோத்துக்கொள்ள, இருவரும் நடந்தனர். மேவிஸ் அவர்கள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

டெஸ்மண்ட் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துச் சற்றுநேரம் பார்த்தார்.

"இது கல்லே இல்ல மிஸ் ஆட்கின். சிமென்ட்டு. அச்சுல ஊத்தினது. காதுப் பக்கம் அச்சுக் கோடுகூடத் தெரியுது."

"தெரியும்," என்றார் மேவிஸ்.

"தெரியுமா?"

"எழுபத்தொண்ணாம் வருஷம் கொத்தனார் ஏணி போட்டுப் பதிச்சாரு. நான் நூலகத்துச் சன்னல்லேர்ந்து பாத்துட்டிருந்தேன்."

"சிமென்ட்டா இருந்தா என்ன?" ஐவி குறுக்கே புகுந்தார். "நம்ம மேயரு மூஞ்சியவிட லட்சணமாத்தான இருக்கு? இருந்துட்டுப் போகட்டுமே சார்."

"எனக்கும் அடிக்க மனசில்லம்மா. ஆனா தீர்மானம் தீர்மானந்தானே." பென்சில் முனை தாளில் ஒன்பது என்ற எண்ணின்மேல் வந்து நின்றது, ஆனால் கோடு விழவில்லை. டெஸ்மண்ட் தாளையும் மேவிஸையும் மாறிமாறிப் பார்த்தார். "ஒரு தேதியக்கூடத் தப்பா எழுதாதவங்க நீங்க. சிமென்ட்டுன்னும் தெரிஞ்சிருக்கு. பாக்க ஒண்ணுமே இல்லாத எடத்துல, இத்தன வருஷமா இத்தன பேர எதுக்கு நிக்க வெச்சீங்க?"

"மேவிஸ், வேண்டாம் கண்ணு," என்றார் ஐவி தாழ்ந்த குரலில். "வா, டீக்கடைக்குப் போலாம்."

தூறல் மேவிஸின் மூக்குக் கண்ணாடியில் படிந்திருந்தது. அவர் அதைக் கழற்றித் துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டார். ஐவியின் பிடியிலிருந்து தம் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, சந்தின் ஈரக் கற்களைப் பார்த்தபடி சொன்னார்:

"என் தங்கச்சி வின்னி இந்த எடத்துலதான் செத்தா. ஆறு வயசு. கைதட்டறதுக்காக நான் அவ கைய விட்டுட்டேன்."