சென்றியில் மட்டும் கேட்ட சத்தம்

என் கராச்சின் சுவரில், பழைய டியூப்கள் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில், ஒரு கிளட்ச் லீவர் தொங்குகிறது. கறுப்புப் பூச்சுள்ள அலுமினிய லீவர். விரல்கள் பிடிக்கிற இடத்தில் மட்டும் பூச்சு முழுதாகப் போய் வெள்ளை தெரிகிறது. வண்டி திருத்த வருகிறவர்களில் யாராவது, இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள், பழைய இரும்புக்காரனுக்குப் போடுங்களேன் என்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். இத்தனை வருடமாகியும் ஆறாத எரிச்சல்.

அது அப்போதிக்கரி ஐயாவின் வண்டியில் இருந்தது. வவுணதீவுக்கு அப்பால், வாவியின் மேற்குக் கரையில், வயல் வட்டைகளுக்கு நடுவே ஒரு சின்ன மருந்துச்சாலையை அவர்தான் நடத்தினார். முழு டொக்டர் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்துச் சனத்துக்கு அவரை விட்டால் வேறு டொக்டரும் இல்லை. ஆரையம்பதியில் கடற்கரைப் பக்கமாக இருந்த அவருடைய வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. மனைவியையும் கொண்டுபோனது. அதைப் பற்றி அவர் கதைத்து ஊரில் யாரும் கேட்டதில்லை. உள்ளே தள்ளிக் கட்டிய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கொடுத்தார்கள். வெளிநாட்டு உதவி நிறுவனமொன்று மருந்துச்சாலைக்கென்று ஒரு பெரிய மோட்டார் சைக்கிளும் கொடுத்தது. கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். வண்டி என் தலையில் விழுந்தது.

அதன் கிளட்சுக்குக் கேபிள் கிடையாது. லீவரை அமத்தினால் குழாயில் இருக்கிற ஒயில் போய் உள்ளே தள்ளும். பிரேக் வேலை செய்வது மாதிரித்தான். கேபிள் என்றால் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்ய வரும். இந்த ஒயில் கிளட்சை அதற்கு முதல் நான் கண்டதே இல்லை. அதற்குச் சாமான் மட்டக்களப்பிலும் இல்லை, கொழும்பிலும் கேட்டால் கையை விரித்தார்கள்.

ஒருநாள் காலையில் வந்து, கிளட்சில் சத்தம் கேட்கிறது என்றார். எப்படிச் சத்தம் என்றேன். பூனைக்குட்டி முனகுவது மாதிரி என்றார். ஸ்டார்ட் பண்ணினேன், லீவரைப் பிடித்தேன், விட்டேன், மறுபடியும் பிடித்தேன். நீட்டு ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மூடியில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். ஒரு முனகலும் இல்லை. எடுத்துக்கொண்டு காத்தான்குடி வரைக்கும் ஓடிப் பார்த்தேன். வண்டி பட்டு மாதிரிப் போனது. திருப்பிக் கொடுத்தேன். அடுத்த கிழமை திரும்பவும் வந்து நின்றார். சத்தம் கேட்கிறதாம்.

இப்படியே மாதக்கணக்கில் அந்த மனிதர் என் உயிரை வாங்கினார். குழாயில் காற்று நிற்கும் என்று நினைத்து எயார் எடுத்தேன். ஒயிலை மாற்றினேன். லீவரின் ஆணிக்குக் கிறீஸ் வைத்தேன். செயின், சில்லு, கால்மிதி என்று கிளட்சுக்குச் சம்பந்தமே இல்லாததையெல்லாம் கழற்றிப் பூட்டினேன். ஒவ்வொரு முறையும் ஐயா வாங்குப் பலகையில் இருந்தபடி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் விசர் ஏற்றியது. ஏசினாலாவது நானும் திருப்பி ஏசலாம்.

"உங்கட காதிலதான் ஐயா சத்தம். வண்டியில ஒண்டும் இல்ல" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"இல்ல மனே. கிடக்கு. பாலத்துச் சென்றியில நிக்கக்குள்ள கேக்கும்."

ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற அந்தச் சென்றியில் மட்டுமா என்றேன். ஓம், சென்றியில் மட்டும்தான் என்றார். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. இராணுவத்தைக் கண்டால் முனகுகிற வண்டியை நான் எப்படித் திருத்துவது? பயத்தில் காது இரைகிறதாக்கும், மருந்துகாரர் தனக்குத்தானே ஒரு மருந்து எழுதட்டும் என்று நினைத்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. உள்ளே உண்மையிலேயே ஏதாவது பழுதாகி, சென்றியடியில் கிளட்ச் கைவிட்டால் வண்டி முன்னால் பாயும். அந்தக் காலத்தில் சென்றியை நோக்கிப் பாய்கிற மோட்டார் சைக்கிளை யாரும் நிறுத்தி விசாரிக்கமாட்டார்கள். சுடுவார்கள்.

மருந்துச்சாலைத் தண்ணீர்ப் பம்ப் பழுதானபோது அதைத் திருத்தவென்று அவருக்குப் பின்னால் ஏறிப் போனேன். பாலத்தடியில் நீண்ட வரிசை. மற்றவர்கள் எல்லாரும் எஞ்சினை நிறுத்தி, இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். ஐயாவை ஆமிக்காரருக்குத் தெரியும். சிலருக்கு அவரே காய்ச்சலுக்குக் குளிசை கொடுத்திருக்கிறார். அதனால் அவரை இறக்கமாட்டார்கள். வண்டியில் இருந்தபடியே வரிசையோடு ஊர்ந்து போகலாம். வெயில் மண்டையைப் பிளந்தது. எஞ்சின் சூடேறியது. கொஞ்ச நேரம் போக, என் காலடியில் மெல்லிய முனகல் ஒன்று கிளம்பியது. பூனைக்குட்டியேதான்.

குனிந்து பார்த்தேன். பிறகு அவருடைய இடது கையைப் பார்த்தேன். லீவரை இறுக்கி அமத்திப் பிடித்திருந்தார். நரம்பு புடைத்து நின்றது. வரிசை அசையாமல் நின்ற அவ்வளவு நேரமும் வண்டி முதலாம் கியரில் கிடந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிளட்சைப் பிடித்திருக்கும்போது மட்டும் பாரம் தாங்கிச் சுற்றுகிற ஒரு சின்னப் பெயாரிங் உள்ளே இருக்கிறது. பிடித்து உடனே விட்டால் அதற்கு ஒன்றுமில்லை. ஊர் முழுக்க நான் ஓடிப் பார்த்தாலும் சத்தம் வராது. இப்படி மணிக்கணக்காகச் சூட்டில் பிடித்துக்கொண்டு நின்றால் அது தேயாமல் என்ன செய்யும்? மூன்று தரம் எயார் எடுத்த என் மடத்தனத்துக்கு என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

வாவியைத் தாண்டியதும் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். பெயாரிங் உடைந்தால் கிளட்ச் பிடிக்காது, கியரில் கிடக்கிற வண்டி பாயும், என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டேன். நியூட்ரலில் போட்டுக் கையை எடுங்கள், ஒரு சிறு பிள்ளைகூட அதைச் செய்யும் என்றேன். அவர் தெருவோரத்து எருமைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நியூட்ரல்ல விடமாட்டன் மனே" என்றார். அவ்வளவுதான்.

பெயாரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். குண்டுகள் நீலம் பாரித்துக் கிடந்தன. வேறொரு எஞ்சினின் பெயாரிங்கை எடுத்து, லேத்தில் கடைந்து பொருத்தினேன். நியூட்ரலில் போடுவதாகச் சொன்னால்தான் வண்டியைத் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தும் பார்த்தேன். அவர் வாங்கை விட்டு எழும்பி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அந்தக் கரையில் பஸ் எங்கே ஓடியது? மருந்துப் பையோடு அவர் வெயிலில் நடப்பார் என்று தெரிந்தும் இருக்க முடியவில்லை. பின்னால் ஓடிப்போய் வண்டித் திறப்பைக் கையில் கொடுத்தேன். செத்தால் என்னிடம் வரவேண்டாம் என்றும் சொன்னேன். சிரித்தார்.

அதன்பிறகு சத்தம் வரும்போதெல்லாம் பெயாரிங்கை மாற்றுவதே என் வேலையாயிற்று. அவர் பாலம் தாண்டி வீடு வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. மருந்துச்சாலை இருந்த படுவான்கரையில் சண்டை வந்து, சனம் இடம்பெயர்ந்து, திரும்பவும் குடியேறி, கடைசியில் யுத்தமே முடிந்தது. மெல்ல மெல்லச் சென்றிகள் எடுபட்டன. பாலத்தடியில் மண்மூட்டைகளை அள்ளிய அன்று நான் என் பெயாரிங்கை நினைத்துத்தான் முதலில் சந்தோசப்பட்டேன். இனி அந்த மனிதர் எங்கே நின்று கிளட்சைப் பிடிக்கப்போகிறார்?

சில மாதம் நிம்மதியாகப் போனது. மறுகா ஒரு திங்கட்கிழமை வந்து நின்றார். சத்தம் கேட்கிறதாம்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். "சென்றியே இல்லையே ஐயா. இனி எங்க கொண்டுபோய் நிப்பாட்டுறீங்க?"

"ஏறு" என்றார்.

பின்னால் ஏறினேன். பிரதான வீதியைக் கடந்து கடற்கரைப் பக்கம் போனார். வேலியில்லாத ஒரு வளவு. வாசல் தூண் ஒன்று மட்டும் நின்றது. உள்ளே அத்திவாரத்தில் அடப்பங்கொடி படர்ந்து கிடந்தது. வாசலில் வண்டியை நிறுத்தினார். தெருவைப் பார்த்தபடி, முதலாம் கியரில், லீவரை அமத்திப் பிடித்துக்கொண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு ஞாயிறு இங்கேதான் வந்து நிற்பதாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கீழே அந்த முனகல் தொடங்கியது.

"அண்டைக்கும் இந்த வாசலிலதான் நிண்டன், என்ட பழைய வண்டியில" என்றார், திரும்பிப் பாராமல். "அவட தாய் வீட்டுக்குப் போக வெளிக்கிட்டம். அவ கதவு பூட்டப் போனா. நான் நியூட்ரல்ல போட்டுட்டு நிண்டன். கடல் வருது எண்டு சனம் கத்திக்கொண்டு ஓடி வருது. அவ ஓடிவந்து ஏறிட்டா மனே. ஏறி, போங்க போங்க எண்டு முதுகில தட்டுறா. நான் கியரை மிதிக்கிறன், விழுதில்ல. திரும்ப மிதிக்கிறன். கிளட்சை விட்டுட்டன் போல. எஞ்சின் நிண்டுட்டு."

அந்தப் பழைய வண்டியில், நான் இப்போது உட்கார்ந்திருந்த மாதிரித்தான் அவ அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பா என்பது மட்டும் மண்டைக்குள் நின்றது. இத்தனை வருடமாக இந்த மனிதரிடம் நியூட்ரலில் போடு, நியூட்ரலில் போடு என்று கத்தியிருக்கிறேன். அவர் மீது வந்த கோபம் போய்விட்டது. வேறு யார் மீது அதை வைப்பது என்று தெரியாமல் அப்படியே நெஞ்சுக்குள் கிடந்தது. கடல் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. ஐயாவின் கை அசையவில்லை.

அன்று பின்னேரமே பெயாரிங்கை மாற்றினேன். கூடவே ஒரு புது லீவரும் தேடிப் பூட்டி, பழையதை ஆணியில் மாட்டினேன். பிறகு அவர் ஓய்வுபெற்று கண்டியில் கலியாணம் முடித்திருந்த மகளிடம் போனார்; அங்கேயே காலமானார் என்று கேள்விப்பட்டேன். வண்டி மருந்துச்சாலைப் பின்வளவில் துருப்பிடித்துக் கிடந்து ஏலத்தில் போனது.

இப்போதெல்லாம் ஒயில் கிளட்ச் வண்டிகள் நிறைய வருகின்றன. சத்தம் என்று யாராவது சொன்னால் நான் உடனே ஸ்பேனரைத் தொடுவதில்லை. எங்கே நிற்கும்போது கேட்கிறது என்று முதலில் கேட்பேன். சிக்னல் லைட்டில் அண்ணே, பெற்றோல் செட்டில் அண்ணே என்பார்கள். அந்த லீவரை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தால், என் விரல்கள் தாமாகவே போய் அந்தத் தேய்ந்த இடத்தில் பொருந்துகின்றன. கொஞ்ச நேரம் அமத்திப் பிடித்திருப்பேன். பிறகு அதை மாட்டிவிட்டு, வந்தவரின் வண்டியைப் பார்க்கப் போவேன்.