மைக்குக்கு எந்தப் பக்கம் முகம்

ஹட்டனில் கந்தப்பன் செயலாளராக இருந்த சங்கத்து ஆபீசில் ஒரு மைக் இருந்தது. சாதாரண மைக் இல்லீங்க, பாட்டுப் பதிவு பண்ற ஸ்டூடியோ மைக். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களின் கூரைகளுக்குப் பணம் அனுப்புகிற ஜெர்மனிக்காரர்கள், மாதாமாதம் ஸ்கைப் கூட்டத்தில் இவர்கள் பேசுவது ஒன்றும் விளங்கவில்லையென்று சலித்துப்போய் 2006இல் அனுப்பியது. அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க, குமிழ் வைத்த ஒரு பெட்டியும் கூடவே வந்தது.

கந்தப்பன் பண்ணின முதல் வேலை, கம்பெனிப் பேர் பொறித்த பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டி மைக்கை நிறுத்தியதுதான். கொடுத்தவங்களுக்கு மரியாதையாம்! அப்புறம் திருவிழா மைக்கில் பேசுகிற மாதிரி அதன் உச்சந்தலையில் வாயை வைத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றார். அந்த ஜாதி மைக்குக்கு உச்சியில் காது கிடையாது. பேர் பொறித்த பக்கந்தான் முகம். மூணு வருஷம் மனுஷன் அதன் முதுகோடு பேசினார்.

மைக்கின் முகம் பார்த்த கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து குமிழைத் திருகுகிற சுதர்ஷினியின் பேச்சு மட்டும் அதில் பளிச்சென்று விழுந்தது. மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற ராக்காயியின் மகள், பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல். பாஸ் பண்ணினவள். "அந்தப் பிள்ளையே கதைக்கட்டும்" என்று ஜெர்மனியில், அங்கே மொழிபெயர்க்கிறவள் வழியாகச் சொல்லிவிட்டார்கள். மலையேறிக் கொழுந்து பறிக்காமல் நாற்காலியில் உட்கார ஒரு வேலை! மைக்கின் சூட்சுமம் அவளுக்கு முதல் மாசமே தெரியும். பெட்டியோடு வந்த தாளில் படமே போட்டிருந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, அதுதான் அவள் பண்ணின தப்பு.

கந்தப்பன் எழுதிக் கொடுப்பதைத்தானே வாசிக்கணும்? "மூணு லயத்துக்குப் புதுத் தகரம் போட்டாச்சு." எங்கே போட்டாச்சு, நாசமாப் போக! தகரமெல்லாம் அவர் மச்சானின் மாட்டுக் கொட்டகைக்கு மேலே பளபளக்கிறது. இங்கே ராக்காயி மழை வந்தால் அடுப்புக்கு மேலே சாக்கைக் கட்டிக்கொண்டு சமைக்கிறாள். கூட்ட நாள் வந்தாலே சுதர்ஷினிக்குச் சோறு இறங்காது.

2009இல் றொசல்லப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. சந்தோஷமாகப் போய்க் கந்தப்பனிடம் சொன்னாள்.

"நீ போனா கூட்டத்துல யாரு பேசுறது? எங் கொரல்தான் அவங்களுக்குக் கேக்க மாட்டேங்குதே. அடுத்த தகரம் ஒங்க லயத்துக்குத்தாம்மா. ஒங்கம்மா நனையிறது சம்மதம்னா, போ."

ரெண்டு நாள் யோசித்தாள். அடுத்த கூட்டம் தொடங்குமுன் மைக்கின் முகத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "சார், உச்சியில பேசாதீங்க. இந்தப் பக்கம் பாத்துப் பேசுங்க."

பேசினார். கணீரென்று கேட்டது. கந்தப்பனுக்கு வாயெல்லாம் பல். "அட, இவ்வளவுதானா! அப்ப நீ தாராளமா போம்மா." சுதர்ஷினிக்கு உசிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அந்தப் பக்கம் தமிழ் தெரிந்தவள் யாழ்ப்பாணத்துச் சிவகௌரி ஒருத்திதான். அவள்தான் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வாள். "ஐயா, உங்கட குரல் இப்ப நல்லாக் கேக்குது. எண்டாலும் தங்கச்சியே சொல்லட்டும். அவ சொன்னாத்தான் இஞ்ச எல்லாருக்கும் நம்பிக்கை."

கந்தப்பன் மைக்கைப் பழையபடி சுதர்ஷினி பக்கம் திருப்பினார்.

"தங்கச்சி, உங்கட அம்மாவின்ர வீட்டுக்கும் கூரை போட்டாச்சோ?"

அவள் கந்தப்பனைப் பார்த்தாள். ஆமென்று சொல்லச் சொல்லி அவர் தலையை ஆட்டினார். இல்லையென்று சொன்னால், இத்தனை நாள் பொய் சொன்ன வாய் யாருடையது? கந்தப்பன் வாயா? அவள் வாய்தானே! யாரிடம் போய் அழுவாள், பாவி.

"போட்டாச்சுங்க அக்கா. அம்மா இப்ப நனையாம சமைக்கிறாங்க."

"பக்கத்தில இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு! இனி எப்பவும் நீங்களே கதையுங்கோ."

கூட்டம் முடிந்தது. பள்ளிக்கூடத்துப் பேச்சை இனி எடுக்கமுடியாது என்று அவளுக்கே தெரியும். மிஞ்சியிருந்ததையாவது கேட்டாள்.

"சார், எங்க லயத்துக்குத் தகரம் எப்ப வரும்?"

கந்தப்பன் தகரம் போட வேண்டிய லயங்களின் பட்டியலில் ஒரு வரியை அடித்துக்கொண்டே சொன்னார்: "அதான் போட்டாச்சுன்னு நீயே சொல்லிட்டியேம்மா."