அசனார் லெப்பையின் குத்பா

ஒரே சொல் இரண்டு வேதங்களில் இருந்தால் அது உறவுக்கு அடையாளமா, ஒன்று மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொண்டதற்கு அடையாளமா? அசனார் லெப்பையின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டது. பதில் சொன்னதா என்பது இன்றும் சந்தேகம்தான்.

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த 1954. பாறசாலையை அடுத்த ஒரு பள்ளிவாசலில் தொழுகை நடத்துவதும் வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கம் செய்வதும் அவர் வேலை. குடியிருந்த வீடும் பள்ளிவாசலுடையது. புதன்கிழமைகளில் ஈசாக் உபதேசியார் வீட்டுக்குப் போவார். செமினாரியில் எபிரேயம் படித்த ஈசாக், பைபிளின் சங்கீதப் பாடல்களை அந்த மொழியிலேயே வாசிப்பார். ‘நெஃபெஷ்’ என்று வந்தால் லெப்பை அரபியில் ‘நஃப்ஸ்’ என்பார், இரண்டும் உயிர்தான். முந்தைய நபிமார்களுக்கு இறங்கிய வேதங்களில் பிற்பாடு மனிதர் கை பட்டது, வேர்ச்சொற்களில் மட்டும் படவில்லை என்பது லெப்பையின் கட்சி. ஈசாக் அதை ஒப்புக்கொண்டதில்லை.

இரண்டு பேர் கூடிப் பேசினாலே போலீஸ் திரும்பிப் பார்த்த காலம். போராட்டக்காரரான கனகதாஸ் டீக்கடையில் சொன்னார்: “அரபியும் எபிரேயமும் ஒண்ணுண்ணு சொல்லுக ஆளு, நாளைக்குத் தமிழும் மலையாளமும் ஒண்ணுண்ணு எழுதிக் குடுப்பாராக்கும்!”

ஜமாஅத் தலைவர் மீரான்பிள்ளையின் சந்தேகம் இன்னும் ஆழமானது.

“நம்ம வேதம் அவனுகளுக்க வேதத்தைப் பாத்து எழுதினதுண்ணு சொல்லுகதுக்கு நீரே சாட்சி குடுக்கீரு, லெப்பே. வாற வெள்ளிக்கிழமை குத்பாவுல, ரெண்டுக்கும் ஒரு பந்தமும் இல்லேண்ணு சொல்லணும். இல்லேங்கி வேலையும் இல்ல, வீடும் இல்ல.”

ஈசாக்கே கெஞ்சினார்: “சொல்லிரும் ஓய். நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் நிறைந்திருந்தது. லெப்பை குத்பா மரபுப்படி மரத்தாலான வாளை ஊன்றி, மிம்பர் மேடையின் படியில் ஏறினார். வழக்கம்போல் குத்பா முழுவதும் அரபியில். அந்தப் படியில் நின்று தமிழ் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை; ஆகவே தமிழில் சொல்லும்படி கேட்கவும் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அரபி புரிந்தவர் அங்கே அவர் ஒருவரே.

வெளியே வந்ததும் மீரான்பிள்ளை கேட்டார்: “சொன்னீரா?”

“சொன்னேன்.”

“எந்த இடத்துல?”

“நீரு ஆமீன் சொன்ன இடத்துல.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆமீன் சொன்னவர் மேற்கொண்டு என்ன கேட்பார்? வீடு தப்பியது.

ஊர் இதைச் சாமர்த்தியம் என்று மெச்சியது. மெச்ச நான் அவசரப்படவில்லை. கேட்டவர் எவருக்கும் புரியாத மொழியில் சொன்னது உண்மையா பொய்யா என்பது சொன்னவருக்கு மட்டும்தானே தெரியும்.

அடுத்த புதன்கிழமை ஈசாக் வேதத்தை விரித்துவைத்துக் காத்திருந்தார். போகக் கூடாது என்று ஜமாஅத் தடுக்கவில்லை. லெப்பை போகவில்லை. அதற்குப் பிறகும் ஒருநாளும் போகவில்லை. ஏன் என்று ஈசாக்கிடம்கூடச் சொல்லவில்லை.